மறித்துப் பாடும் பிள்ளைகள்: கடல் கடந்த மேற்கு ஆப்பிரிக்க வாய்மொழி

மேற்கு ஆப்பிரிக்கப் பழமொழிகளுக்கு நூல் பஞ்சம் கிடையாது. மலபாரில் குண்டர்ட் பணியாற்றிய அதே பாசல் மிஷன் இன்றைய கானாவுக்கு அனுப்பிய யோகான் கிறிஸ்டாலர், துவி மொழியில் 3,600 பழமொழிகளைத் திரட்டி 1879இல் அச்சிட்டார். துவி பேசும் அக்கான் மக்களிடையே பல்லாண்டு வாழ்ந்த பெக்கி அப்பியா, தத்துவ அறிஞரான மகன் குவாமி அந்தோனி அப்பியாவுடன் சேர்ந்து கொண்டுவந்த தொகுப்பு 7,000ஐத் தாண்டும். ஓயெக்கான் ஓவோமோயெலா 2005இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவிலிருந்து வெளியிட்ட யோருபாத் தொகுப்பில் 5,000க்கும் மேல் உண்டு. லண்டனிலோ ஹூஸ்டனிலோ பிள்ளை வளர்ப்பவர்களுக்கு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனாலும் பிள்ளைகளிடம் எதுவும் போய்ச் சேரவில்லை என்ற புலம்பல் ஓய்ந்தபாடில்லை.

இதற்காக இதுவரை நடந்த முயற்சிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. பிள்ளையும் வாய் திறக்க இடமிருந்தபோது மரபு தங்கியது. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார் என்று மட்டும் சொன்னபோது நழுவியது.

சபையும் முறையும்

பழமொழியைச் சொற்களுக்குப் பாமாயில் என்பார்கள் இக்போ மக்கள். அது இல்லாமல் பேச்சு தொண்டையில் இறங்காது. யோருபா மக்களுக்கு அது பேச்சு ஏறிச் செல்லும் குதிரை. ஆனால் அந்தக் குதிரையில் யார் எப்போது ஏறலாம் என்பதற்கு முறை உண்டு. பெரியவர்கள் கூடியிருக்கும் இடத்தில் இளையவர் ஒரு பழமொழியைச் சொன்னால், சொன்ன வாயோடு ‘டோட்டோ’ என்று தொடங்கும் ஒரு வாசகத்தால் பொறுத்தருளக் கேட்பார். இது பெரியவர்களின் சொத்து, அறிவேன், ஆனாலும் எடுத்தாண்டேன் என்பது அதன் உட்கருத்து. பெரியவர் முகம் சுளிக்க மாட்டார். இன்னும் பல சொல்ல நீ வாழ்வாய் என்று வாழ்த்துவார். சிறியவரும் சபையில் பழமொழி சொல்லலாம் என்பதற்கு இந்த வாழ்த்துதான் உரிமம். தொகுப்பு நூல்கள் பழமொழியைத் தருகின்றன. இந்த உரிமத்தை எந்த அச்சகமும் தர முடியாது.

கதைக்கும் இதே நிலைதான். அக்கான் மக்களின் அனான்சே சிலந்திக் கதைகளைச் சொல்லும்போது, கேட்பவர்களில் யாரும் இடைமறித்து ‘ம்போகுவோ’ என்ற பாட்டை எடுக்கலாம். கதைசொல்லி நிறுத்திக்கொண்டு காத்திருக்க வேண்டும். நாடக ஆசிரியர் எஃபுவா சதர்லாந்து இதை மேடைக்குக் கொண்டுவந்ததோடு, 1960களில் கானாவின் அட்வியா கிராமத்தில் ‘கோட்சிடான்’ என்ற கதை மன்றமே கட்ட வழிசெய்தார். மாண்டே மக்களின் பாணர்களான கிரியோக்கள், மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாட்டாவின் காவியத்தைப் பாடும்போதும் பக்கத்தில் ஒருவர் அடிக்கு அடி ‘நாமு’ என்று குரல் கொடுப்பார். நம் பாட்டிமார் கதைக்கு நாம் ‘உம்’ கொட்டியதைப் போலத்தான். கொட்டுவது நின்றால் கதையும் நின்றுவிடும்.

முதலில் கடல் கடந்தவர்கள்

அயல்நாட்டில் வளரும் பிள்ளைகள் என்றதும் இன்றைய குடியேறிகள்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால் முதலில் போனவை அடிமைக் கப்பல்கள். அவற்றில் ஏறிய அனான்சே ஜமைக்காவிலும் சூரினாமிலும் குராசோவிலும் இறங்கினான். அக்கான் மொழிகள் அங்கே வீட்டுமொழியாக நிலைக்கவில்லை. புத்தகம் இல்லை, பள்ளியும் இல்லை. ஆனால் கதை நிலைத்தது; கதை சொல்லும் முறையும் நிலைத்தது. நான் சொல்வது உண்மை என்று சாதிக்கவில்லை என்று முன்கூட்டியே தப்பித்துக்கொள்வது, அக்கான் மக்களில் ஒரு பிரிவினரான அசாந்தேக் கதைசொல்லியின் வழக்கம். ஜமைக்காவில் கதை முடிந்ததும் ஜாக் மண்டோரா என்பவனை விளித்து, இதற்கு நான் பொறுப்பில்லை என்று கைகழுவுவார்கள். அங்கே கவிஞர் லூயிஸ் பென்னட் 1970 முதல் 1982 வரை நடத்திய ‘ரிங் டிங்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடியும் ஆடியும் அரங்கை நிறைத்தவர்கள் சிறுவர் சிறுமியர்.

இதன் மறுபக்கம் இருபதாம் நூற்றாண்டு பிரிட்டனில் இருக்கிறது. 1950களின் நடுவிலிருந்து, படிக்க வந்த நைஜீரிய, கானாப் பெற்றோர் பலர் தங்கள் குழந்தைகளைப் பணம் கொடுத்து வெள்ளையர் குடும்பங்களில் வளர விட்டார்கள். இதற்கு ‘ஃபார்மிங்’ என்று பெயர். மொழியும் உறவுமுறையும் ஒருங்கே அறுந்தன. அப்படி வளர்ந்த நடிகர் அடேவாலே அகின்னுவோயே அக்பாஜே தன் கதையை 2018இல் அதே பெயரில் திரைப்படமாக்கினார்.

படக்கதை முதல் கார்ப் பயணம் வரை

அமெரிக்காவில் இந்தக் கதைகள் படப்புத்தகங்களாகப் பெரும்புகழ் பெற்றன. கெயில் ஹேலியின் அனான்சே கதை 1971இல் படப்புத்தகங்களுக்கான கால்டிகாட் பதக்கம் பெற்றது. கொசு ஏன் காதில் ரீங்கரிக்கிறது என்று வெர்னா ஆர்டெமா சொன்ன மேற்கு ஆப்பிரிக்கக் கதையின் ஓவியங்களுக்கு 1976இல் அதே பதக்கம் கிடைத்தது. கதையை எழுதிய இருவரும் வெள்ளை அமெரிக்கர்கள். புத்தகங்கள் அழகானவை, இன்றும் விற்கின்றன. ஆனால் பக்கத்தைப் புரட்டுபவர் பெரியவர்; பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்.

‘சிதைவுகள்’ நாவல் வழியாகத் தமிழர் அறிந்த சினுவா அச்சிபிக்கு இந்தச் சிக்கல் உள்ளூரிலேயே வந்தது. லாகோஸில் மூத்த மகளுக்கு வாங்கித் தந்த ஆங்கிலப் படப்புத்தகங்களில் நிறவெறி மண்டிக் கிடந்ததை அவர் தாமதமாகக் கண்டார். பதிப்பகம் ஒன்றின் பிரதிநிதியாக இருந்த கவிஞர் கிறிஸ்டோபர் ஒகிக்போவின் தூண்டுதலில் 1966இல் ‘சீக்கேயும் நதியும்’ என்ற அவருடைய சிறுவர் நூல் வந்தது. 1970களில் மாசசூசெட்ஸில் வேறொரு சோதனை. மழலைப் பள்ளிக்குப் போக மறுத்த கடைக்குட்டி நுவாண்டோவிடம் ஓர் ஒப்பந்தம் போட்டார்: காரில் போகும்போது ஒரு கதை, திரும்பும்போது ஒரு கதை. அந்தச் சிறுமிக்குக் கதை வந்தது பாடமாக அல்ல, பேரமாக. கேட்டு வாங்கும் உரிமை அவள் கையில் இருந்தது. பின்னாளில் நுவாண்டோ அச்சிபி மேற்கு ஆப்பிரிக்க வரலாற்றுப் பேராசிரியராகி, அத்துறைக்கென ஓர் ஆய்விதழையும் தொடங்கினார். கார்க் கதைகள்தான் அவரை வரலாற்றாசிரியர் ஆக்கின என்று சொல்வது மிகையாகும். அவை அவரை அந்நியப்படாமல் காத்தன என்று சொல்லலாம்.

இன்று வேல்ஸில் வாழும் நைஜீரியரான அட்டினூக்கே, புத்தகம் எழுதுமுன் மேடைக் கதைசொல்லியாக இருந்தவர். 2007இல் தொடங்கிய அவருடைய ‘அன்னா ஹைபிஸ்கஸ்’ வரிசையை வாய்விட்டுப் படித்தால் அந்தப் பழக்கம் காதில் விழும்.

பாடத்திட்டத்தின் பெனின்

1969இல் ஜான் லா ரோஸ் லண்டனில் கறுப்பினப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ஜார்ஜ் பாட்மோர் துணைப்பள்ளி போன்றவை, அரசுப் பள்ளி விட்ட இடத்தைத் தங்கள் சொந்த நேரத்தில் நிரப்பின. இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டமும் 2014 முதல் தொடக்கப் பள்ளிகளுக்கு ஐரோப்பியமல்லாத ஒரு நாகரிகத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பாக்தாத், மாயா, இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் அரசு என்ற மூன்றில் ஒன்றைப் பள்ளி தேர்ந்துகொள்ளலாம். பெனினுக்குக் குறித்த காலம் கி.பி. 900 முதல் 1300 வரை. வகுப்பில் காட்டத் தோதான புகழ்பெற்ற பித்தளைப் பலகைகளோ 16, 17ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. பிரிட்டிஷ் படை 1897இல் அரண்மனையைச் சூறையாடி அவற்றை அள்ளிவந்தது. பாடத்தின் எல்லைக்கோட்டுக்கு உள்ளேயே நின்றால் பலகையும் இல்லை, கொள்ளையும் இல்லை. இந்தப் பொருள் ஏன் இங்கே இருக்கிறது என்று ஒரு பிள்ளை கேட்டால்தான் பாடம் உயிர் பெறும். லண்டனின் ஹார்னிமன் அருங்காட்சியகம் 2022இல் 72 பொருள்களின் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்றித் தந்தது, அந்தக் கேள்விக்கு ஒரு பாதி விடை.

எந்த வரலாறு?

வீட்டில் சொல்லப்படும் வரலாற்றிலும் கோடுகள் உண்டு. சுந்தியாட்டாவின் வீரமும், 1324இல் மெக்காவுக்குப் பொன் சுமந்து போன மாலிப் பேரரசர் மன்சா மூசாவின் செல்வமும் பிள்ளைகள் நூல்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஏளனத்துக்கு ஆளாகும் பிள்ளைக்குப் பெருமை மருந்துதான். ஆனால் கிரியோக்களின் பழைய தொழிலே புரவலரைப் புகழ்வது. கேட்பவரின் விருப்பம் கதைக்குள் புகுந்துவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. தமிழில் ‘ஏழு தலைமுறைகள்’ என்று வந்த நூலின் ஆசிரியர் அலெக்ஸ் ஹேலிக்கு, காம்பியாவின் ஜுஃபுரே கிராமத்தில், அவருடைய மூதாதையாகச் சொல்லப்படும் குந்தா கிந்தேயின் வரலாற்றை ஒரு முதியவர் சொன்னார். அவர் பயிற்சி பெற்ற கிரியோ அல்ல, ஹேலி எதைத் தேடி வந்தார் என்பது முன்பே தெரிந்திருந்தது என்று 1977இல் ஒரு லண்டன் செய்தித்தாள் எழுதியது.

பழமொழியிலும் இது நடக்கிறது. வாழ்த்தட்டைகளில் ‘ஆப்பிரிக்கப் பழமொழி’ என்று மொட்டையாக அச்சாகும் பலவற்றுக்கு ஊரும் இல்லை, மொழியும் இல்லை. எந்த ஊரில் யார் சொல்வார்கள் என்று கேட்கப் பழகிய பிள்ளை அவற்றை எளிதில் வடிகட்டிவிடும்.

நம்பிக்கை தரும் முயற்சிகளும் இந்தக் கேள்வி கேட்கும் பழக்கத்திலிருந்தே பிறக்கின்றன. 1983இல் லண்டனில் பிறந்த சோனா ஜோபார்டே, ஆண்களுக்கே உரியதென்றிருந்த கோரா யாழைக் கிரியோக் குடும்பத்துப் பெண்ணாகக் கையிலெடுத்தார். 2015இல் காம்பியாவில் பள்ளி தொடங்கினார். மரபை அப்படியே வாங்கிக்கொண்டிருந்தால் அவர் கையில் கோரா இருந்திருக்காது.

மறித்துக் கேட்க விட்டால் சங்கடமான கேள்விகளும் வரும். பெனினின் பித்தளைக்கு மூலப்பொருள் ஐரோப்பிய வணிகர் கொண்டுவந்த ‘மனில்லா’ வளையங்கள் என்பதை 2023இல் வந்த ஓர் ஆய்வு உறுதிப்படுத்தியது. அதே வளையங்களைக் கொடுத்து மனிதர்களையும் வாங்கினார்கள். பெனினின் அந்தப் பித்தளைப் பொருள்களில் எங்களுக்கும் பங்குண்டு என்று 2022இல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தவர்கள் அடிமைகளின் வழித்தோன்றல்கள். அவர்களின் முன்னோரை விற்றது யார் என்று பத்து வயதுப் பிள்ளை சாப்பாட்டு மேசையில் கேட்கும். மன்சா மூசாவின் பொன் அதற்கு விடையாகாது. மழுப்பாமல் பதில் சொல்லும் வீட்டில்தான் பழமொழியும் நம்பகத்தோடு கேட்கப்படும்.