சாருவைத் தனியே பாருங்கள்

சத்யஜித் ராயின் ‘சாருலதா’ 1964-இல் வெளிவந்தது. தாகூர் 1901-இல் எழுதிய ‘நஷ்டநீட்’ கதைதான் மூலம். சாருலதா என்கிற சாருவின் கணவன் பூபதி பத்திரிகையே கதியென்று கிடப்பவன். அவனுக்குத் தம்பி முறையாகும் அமல் ஒரு புயல் நாளில் வீட்டுக்குள் நுழைகிறான். சாருவின் மனம் அவன் பக்கம் சாய்கிறது. இதைக் கொழுந்தன்மேல் வந்த காதல் என்று மட்டும் பார்த்தால் பாதிப் படம் போய்விடும். அமலை விட்டுவிடுங்கள். சாரு தனியாக இருக்கும் காட்சிகளில் கண் வையுங்கள்.

தொடக்கத்தில் ஏறக்குறைய வசனமே இல்லை. கைக்குட்டையில் ஓர் எழுத்தைத் தைக்கிறாள், புத்தகம் தேடுகிறாள், கைப்பிடி வைத்த சின்ன பைனாகுலரோடு ஜன்னலுக்கு ஜன்னல் ஓடித் தெருவைப் பார்க்கிறாள். புத்தகத்தில் ஆழ்ந்தபடி பூபதி அவளைக் கவனிக்காமலே கடந்து போகிறான். அவன் முதுகையும் அதே பைனாகுலரில்தான் பார்க்கிறாள். சொந்த வீட்டுக்குள்ளேயே!

அடுத்து, தோட்டத்து ஊஞ்சல். சாருவின் முகத்தோடு சுப்ரதா மித்ராவின் கேமராவும் ஆடுகிறது. அமல் தரையில் படுத்து எழுதிக்கொண்டிருக்கிறான். பைனாகுலரில் அவனைப் பார்க்கிறாள், பிறகு பக்கத்து வீட்டில் குழந்தையோடு நிற்கும் தாயை, மறுபடியும் அவனை. பைனாகுலரை இறக்கியதும் சாருவாக நடித்த மாதவி முகர்ஜியின் முகத்தைக் கவனியுங்கள். விளையாட்டுத்தனம் வடிந்துபோயிருக்கும். தன் மனத்தில் இருப்பது இன்னதென்று ஒருத்தி கண்டுகொள்ளும் கணத்தை இவ்வளவு துல்லியமாக வேறெந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

இதற்குப் பிறகு வரும் இன்னொரு குளோசப்பையும் தவறவிடாதீர்கள். அமலின் எழுத்து அச்சேறிய ரோஷத்தில் சாருவும் எழுத உட்கார்கிறாள். ரோஷம் பேனாவைத்தான் கையில் கொடுத்தது. விஷயம் அவளுக்குள்ளிருந்து வர வேண்டியிருக்கிறது. அவள் முகத்தின்மேல் ஆற்றுப் படகுகளும் திருவிழாவும் மெல்லப் படிகின்றன. பிறந்த கிராமத்தைப் பற்றி எழுதுகிறாள். அமலின் நடையில் அல்ல, தன் நடையில். கட்டுரை அச்சாகி வந்ததும் அந்தப் பத்திரிகையாலேயே அவனை அடித்துவிட்டு, அவன்மேல் சாய்ந்து அழுகிறாள். அதை வெறும் ஏக்கமென்று கொள்ள எனக்கு மனம் வரவில்லை. தனக்குள் இத்தனை இருந்ததே, யாருமே கேட்கவில்லையே என்ற ஆற்றாமையும் அந்த அழுகையில் இருக்கிறது. காதல் அவளுக்கு அமலைத் தரவில்லை, எழுத்தைத் தந்தது.

படம் பார்த்த கையோடு தாகூரின் கதையையும் தேடிப் படியுங்கள். முடிவில் ராய் எங்கே விலகுகிறார், ஏன் விலகுகிறார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.