மூச்சைக் காட்டும் மடல்: பூனைகளுக்கான ஏரோகேட்

பெட்டியைப் பிரித்ததும் ‘இதற்கா இவ்வளவு விலை?’ என்றுதான் தோன்றும். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் குழாய். ஒரு முனையில் மாட்டுவதற்குச் சிறிதும் பெரிதுமாக இரண்டு மாஸ்க். மறுமுனையில் இன்ஹேலரைச் செருக ஒரு ரப்பர் வாய். பேட்டரி கிடையாது, திரை கிடையாது, மருந்தும் தனியாகத்தான் வாங்க வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள லண்டன் நகரத்து ட்ரூடெல் நிறுவனம் தயாரிக்கும் ஏரோகேட் இவ்வளவுதான். ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு அதே நிறுவனம் விற்கும் ஏரோசேம்பரின் பூனை வடிவம் இது.

பூனைக்கு ஆஸ்துமாவா என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். நூறு பூனைகளில் ஒன்று முதல் ஐந்து வரை இதனால் அவதிப்படுவதாகக் கால்நடை மருத்துவ நூல்கள் சொல்கின்றன. சியாமீஸ் வகையில் இன்னும் கூடுதல். அறிகுறி கண்ணெதிரே இருந்தும் பலர் கோட்டை விடுவார்கள். பூனை குந்தி, கழுத்தைத் தரையோடு நீட்டி, ‘கக் கக்’ என்று இருமும். நக்கி விழுங்கிய முடி உருண்டை தொண்டையில் சிக்கியிருக்கிறது என்று நினைத்து வீட்டார் விட்டுவிடுவார்கள். உருண்டை எதுவும் வெளியே வராது. அடுத்த வாரம் மறுபடியும் அதே இருமல்.

சிகிச்சைக்கு மாத்திரை இருக்கிறது. பிரெட்னிசோலோன் மலிவு, வேகமாகவும் கேட்கும். ஆனால் மாதக்கணக்கில் கொடுத்தால் உடம்பு முழுக்கப் பரவி எடை கூடும், சர்க்கரை நோய் வரும் ஆபத்தும் உண்டு. இன்ஹேலர் மருந்து பெரும்பாலும் மூச்சுக்குழாயோடு நின்றுவிடும். சிக்கல் ஒன்றுதான்: ‘மூச்சை இழுத்துப் பிடி’ என்று பூனையிடம் யார் சொல்வது? இன்ஹேலர் பிறந்ததே ஒரு சிறுமியின் கேள்வியில் இருந்து என்பார்கள். அமெரிக்காவின் ரைக்கர் மருந்து நிறுவனத் தலைவரின் 13 வயது மகள், ‘என் ஆஸ்துமா மருந்தையும் தலைக்கு அடிக்கும் ஸ்பிரே மாதிரி டப்பாவில் அடைத்தால் என்ன?’ என்று கேட்டாளாம். 1956-இல் அது விற்பனைக்கு வந்தது. டப்பாவை அழுத்துவதையும் மூச்சை இழுப்பதையும் ஒரே நேரத்தில் செய்யத் தெரிந்தவர்களுக்கான கருவி அது. தெரியாதவர்களுக்காகவே நடுவில் ஸ்பேசர் வந்தது. அடித்த மருந்து குழாயில் சில விநாடிகள் புகையாக நிற்கும், பூனை தன்பாட்டுக்கு மூச்சு விடும்போது உள்ளே போகும்.

ஏரோகேட்டுக்குக் கொடுக்கும் காசு எதற்கு என்றால், குழாயின் மேல் இருக்கும் ஒரு சின்ன மடலுக்கு. ஃப்ளோ-வியூ என்று அதற்குப் பெயர். மாஸ்க் முகத்தோடு சரியாகப் படிந்திருந்தால் பூனை இழுக்கும் ஒவ்வொரு மூச்சுக்கும் மடல் அசையும். ஏழு முதல் பத்து அசைவு வரை எண்ணிவிட்டு மாஸ்க்கை எடுத்துவிடலாம். ஏறக்குறைய இருபது விநாடி வேலை. மடல் அசையவில்லை என்றால் ஓரத்தில் காற்று கசிகிறது, அல்லது பூனை மூச்சை அடக்கிக்கொண்டு முறைத்துப் பார்க்கிறது. இரண்டும் நடக்கும்.

பழக்குவதுதான் பெரும்பாடு. முதலில் மாஸ்க்கை மட்டும் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போட்டுவைக்க வேண்டும். பிறகு அதன் விளிம்பில் நக்கித் தின்னும் தீனியைத் தடவி மூக்கைத் தானாக நுழைக்க விட வேண்டும். அதன்பிறகுதான் குழாய், கடைசியில் மருந்து. அவசரப்பட்டு முதல் நாளே துண்டில் சுருட்டி முகத்தில் அழுத்தினால் அதற்கப்புறம் பூனையைக் கட்டிலுக்கு அடியில்தான் தேட வேண்டும். மாஸ்க்கை வைத்த பிறகு மருந்தை அடிக்கச் சொல்கிறது செய்முறைத் தாள். ஆனால் டப்பா எழுப்பும் ‘ஸ்ஸ்’ என்ற ஒலி பூனையின் காதுக்கு வேறொரு பூனை சீறுவதுதான். மிரளும் பூனை என்றால் டப்பாவை நன்றாகக் குலுக்கி, சற்றுத் தள்ளி வைத்து அடித்துவிட்டு, உடனே மாஸ்க்கை முகத்தில் வைப்பது நல்லது. குழாயில் உள்ள வால்வு அதுவரை மருந்தைப் பிடித்துவைத்திருக்கும்.

இனி விலை. வெளிநாட்டில் இருந்து வரவழைப்பதற்குப் பதில், நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சிப்லாவின் ஜீரோஸ்டாட் ஸ்பேசரோடு பேபி மாஸ்க்கை மாட்டிக்கொண்டால் ஆகாதா? ஆகும். வால்வு உள்ள வகையைக் கேட்டு வாங்க வேண்டும். மருந்து சுவரில் ஒட்டாதபடி நிலைமின்சாரம் பிடிக்காத பிளாஸ்டிக்கால் ஆனது அது. ஆனால் குழாய் பெரிது, பூனையின் மூச்சோ சிறிது: நான்கு கிலோ பூனை ஒரு தடவைக்கு இழுப்பது சுமார் 40 மில்லி காற்றுதான். அதனால் இன்னும் சில மூச்சுகள் கூடுதலாக வைத்திருக்க வேண்டும். மடலும் இல்லாததால் விலா ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ண வேண்டும். அடர்ந்த முடி உள்ள பூனையிடம் அது சுலபமல்ல. சாதுவான, குட்டை முடி நாட்டுப் பூனைக்கு ஜீரோஸ்டாட்டே போதும்.

எந்தக் குழாயாக இருந்தாலும் உள்ளே போகும் மருந்தைத் தீர்மானிப்பவர் டாக்டர்தான். தினசரி மருந்தான ஃப்ளூட்டிகசோன் முழுப் பலன் காட்ட ஒன்று இரண்டு வாரம் ஆகும், அதுவரை மாத்திரையும் கூடவே ஓடும். திடீர் இரைப்புக்கு சால்பியூட்டமால். இரண்டையும் மாற்றிப் பயன்படுத்தினால் அவசரத்தில் கைவிட்டுவிடும். ஆஸ்துமாதானா என்பதையும் முதலில் உறுதி செய்ய வேண்டும். இதய நோய், நுரையீரல் புழு, நெஞ்சுக்கூட்டில் நீர் கோத்தல் எல்லாமே மூச்சிரைப்பாகத்தான் தெரியவரும். எக்ஸ்ரே எடுக்காமல் இன்ஹேலர் வாங்குவது வீண். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ ஈறு நீலம் பாய்ந்தாலோ மாஸ்க்கோடு மல்லுக்கட்டாமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடக் கூடாது. அது பூனைக்கு விஷம்.

கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு துணை: பிரான்சின் சேவா நிறுவனத்தின் கார்டாலிஸ் செயலி. பூனை தூங்கும்போது ஒவ்வொரு மூச்சுக்கும் திரையைத் தட்டினால் நிமிடக் கணக்கைச் சொல்லும். 30-க்குள் இருந்தால் நல்லது, தொடர்ந்து மேலே போனால் டாக்டருக்குப் போன். பூனை ‘குர்ர்’ என்று கொஞ்சும் நேரத்தில் எண்ணினால் கணக்கு தப்பும். கடிகாரத்தைப் பார்த்தும் எண்ணலாம்தான், ஆனால் பழைய கணக்கைத் தேதியோடு டாக்டரிடம் காட்ட முடிவது செயலியின் லாபம். அதே வீட்டில் கொசுவர்த்தியும் சாம்பிராணியும் புகைந்துகொண்டிருந்தால் அந்த எண் இறங்காது. தூசி பறக்கும் மண்ணைக் கழிப்புத் தட்டில் போடுவதும் அதே கதைதான்.

பராமரிப்பு எளிது. வாரம் ஒரு முறை வெதுவெதுப்பான சோப்பு நீரில் அலசி, துணியால் துடைக்காமல் காற்றில் உலர விட வேண்டும். துடைத்தால் நிலைமின்சாரம் ஏறும், மருந்து சுவரோடு ஒட்டும்.

ஏரோகேட் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: பெர்சியனின் தட்டை முகம். மாஸ்க்கின் விளிம்பு மூக்கின் இருபுறமும் எளிதில் படிவதில்லை, மடல் அசையாமல் நிற்பது உடனே தெரிந்துவிடும். சிறிய மாஸ்க்கை மாட்டிச் சற்றுக் கீழிருந்து மேலாக வைத்தால் ஓரளவு சரியாகும். ஆனால் பெர்சியன் கொர்கொர் என்று மூச்சு விடுவதற்குப் பல நேரம் ஆஸ்துமாவே காரணமல்ல. பிறவியிலேயே குறுகிய மூக்குத் துவாரம்தான். அதைச் சிறு அறுவை சிகிச்சையால் அகலப்படுத்தலாம், இன்ஹேலரால் முடியாது. அந்த வகைப் பூனை வைத்திருப்பவர்கள் ஏரோகேட்டுக்கு ஆர்டர் போடும் முன் மூக்கை டாக்டரிடம் காட்டிவிடட்டும்.