‘ராட்சசன்’ படத்தில் யார் ராட்சசன்? – திறனாய்வுப் பயிற்சி



பிரிக்பீல்ட்ஸ் டியூஷன் வகுப்போ, கிள்ளான் இடைநிலைப்பள்ளியோ, ‘பிடித்த படத்தைத் திறனாய்வு செய்க’ என்றால் பலரும் கதையைத்தான் எழுதித் தருகிறார்கள். கதைச்சுருக்கம் வேறு, திறனாய்வு வேறு. ராம்குமார் இயக்கி 2018 அக்டோபரில் வெளிவந்த ‘ராட்சசன்’ படத்தை வைத்து அதைப் பார்ப்போமா? கதையின் முடிச்சுகளும் இங்கே பேசப்படும்.

கதை: இயக்குநராகும் கனவு பலிக்காத அருண், அக்காள் கணவர் தாஸின் உதவியால் போலீஸ் வேலையில் சேர்கிறான். பள்ளி மாணவிகள் ஒவ்வொருவராகக் கடத்திக் கொல்லப்படுகிறார்கள். கொலைகாரனை அவன் தேடுகிறான். கதைக்கு இவ்வளவு போதும், நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாத்திரப் படைப்பு: தொடர் கொலைகாரனைத் தேடும் அதிகாரி பெரும்பாலும் மனக்காயம் உள்ளவர். ‘வேட்டையாடு விளையாடு’ (2006) ராகவன் மனைவியைப் பறிகொடுத்தவர். அருண் முதலில் பறிகொடுப்பது கனவை. திரைக்கதைக்காக அவன் சேர்த்த கொலைச் செய்திகளே அவனை மறுபடி அந்த இருட்டுக்குள் இழுக்கின்றன. மேலதிகாரி லட்சுமி அவன் பேச்சைக் காதில் வாங்குவதில்லை. அக்காள் மகள் அம்முவே பலியானதும், வழக்கு அவன் வீட்டுத் துக்கமாகிவிடுகிறது.

உத்தி: பலியான ஒரு மாணவியின் செவித்துணைக் கருவியில் பதிவான இசைதான் முக்கியத் தடயம். பெரியவர்கள் காதில் விழாததை ஒரு பிள்ளையின் கருவி கேட்டிருக்கிறது. இப்படி ஒரு காட்சியைக் கருப்பொருளோடு இணைத்து எழுதினால், அது திறனாய்வு.

கருப்பொருள்: இங்கேதான் நமக்கு நெஞ்சு உறுத்துகிறது. கணித ஆசிரியர் இன்பராஜ் ஞாபகம் இருக்கிறாரா? மதிப்பெண்ணைக் காட்டி மிரட்டி மாணவிகளைச் சீரழிப்பவர். மாணவிகள் பயந்து வாய் திறப்பதில்லை. கொலைகாரன் முகம் மறைத்து வருகிறான். இவரோ தினமும் எல்லார் முன்னாலும் பாடம் நடத்துகிறார். ஆனால், அவர் சுடப்பட்டுச் சாவதோடு படம் அவரை மறந்துவிடுகிறது. ‘பள்ளியில் ஒருத்தருக்குமா தெரியல?’ என்ற கேள்வியைப் படம் கேட்கவே இல்லை. ஒரு துப்பாக்கிக் குண்டு அந்தக் கேள்விக்குப் பதிலாகுமா?

குறை: கொலைகாரன் கிறிஸ்டோபர், சிறுவயதிலேயே முதுமை தோன்றும் நோயுள்ளவன். வகுப்பில் ஒதுக்கப்பட்டவன். பகடிவதை ஒரு பிள்ளையை எப்படி முறிக்கிறது என்று படம் காட்டத் தொடங்குகிறது. பிறகு அந்த முகத்தையே திகிலூட்டும் பொருளாக்கிவிடுகிறது. நோயையும் கொடூரத்தையும் ஒன்றாகக் காட்டுவது நியாயமில்லை. தோற்றத்தில் மாறுபட்ட பிள்ளை நம் வகுப்பிலும் இருக்கலாம்; இந்தப் படத்தைப் பார்த்த நண்பர்கள் அந்தப் பிள்ளையை என்னவென்று கூப்பிடுவார்கள்? யோசிங்க.

மொத்தத்தில், விறுவிறுப்பான துப்பறியும் படமாக ‘ராட்சசன்’ வெற்றி பெறுகிறது. பள்ளியைப் பற்றிய விமர்சனமாகப் பாதி வழியில் நின்றுவிடுகிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. இதைக் கீழ்ப்படிவ மாணவர்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டாம், பயம் அதிகம். மேற்படிவத்தில் பேசும்போது, 2017ஆம் ஆண்டின் சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டத்தையும் (சட்டம் 792) சொல்லுங்கள். மாணவரின் நம்பிக்கைக்குரிய இடத்தில் இருக்கும் ஆசிரியரே தவறு செய்தால், அச்சட்டப்படி தண்டனை கூடும். தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதும் குற்றம். உதவிக்கு தாலியான் காசே 15999 எண்ணை அழைக்கலாம். படத்து மாணவிகளுக்கு யாரும் சொல்லித் தராததை நாமாவது சொல்லித் தருவோமே.

பயிற்சி: ‘ராட்சசன்’ என்ற தலைப்பு இன்பராஜுக்குப் பொருந்துமா, கிறிஸ்டோபருக்கா, அல்லது இருவருக்குமா? இரண்டு காட்சிகளைச் சான்றாகக் காட்டி, 120 சொற்களில் எழுதுக. கதையைத் திரும்பச் சொன்னால் மதிப்பெண் கிடையாது!