சீஸ் கருகிய ஓரம்

எல் சால்வடோர் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்ததும் மெனு அட்டையைத் தேடாதீர்கள். காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அடுப்பங்கரைப் பக்கமிருந்து பட், பட் என்று உள்ளங்கை தட்டும் சத்தம் கேட்டால் தைரியமாக உட்காரலாம். உள்ளே யாரோ மக்காச்சோள மாவைக் கையால் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். பூரணம் வைத்த சோள அடையான புபுசா தயாராகிறது.

வாஷிங்டன் நகரின் மவுண்ட் ப்ளெசன்ட் பகுதியில் ஒரு சின்னக் கடையில்தான் இதை நான் கற்றுக்கொண்டேன். அந்தப் பேட்டையில் சால்வடோர்க்காரர்கள் அதிகம். எல் சால்வடோரின் கிழக்கே உள்ள இந்திபுக்கா என்ற சிற்றூரிலிருந்து முன்பே சிலர் வந்திருந்தார்கள். 1980 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போர் இன்னும் பல்லாயிரம் பேரை நாட்டைவிட்டு விரட்டியது. வந்தவர்கள் தங்கள் ஊர் அடுப்பையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள்.

முதல் நாள் ஆசை மிகுதியில் நான்கு புபுசாக்களை ஒன்றாகக் கேட்டுவிட்டேன். போதாக்குறைக்குக் கத்தியும் முள்கரண்டியும் வேறு. பரிமாறிய அம்மா சிரித்துக்கொண்டே விரல்களை ஆட்டிக் காட்டி, "கோன் லா மானோ" என்றார். 'கையால்' என்று பொருள். நம்மிடம் இதைச் சொல்ல வேண்டியிருந்ததே என்று வெட்கமாகப் போயிற்று. மூன்றாவதற்கு வருவதற்குள் அது ஆறிவிட்டது. உள்ளேயிருந்த சீஸ் ரப்பராக இழுத்தது. ஆகவே முதல் பாடம்: ஒரு தடவைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம்.

கல்லுக்கு அருகே இடம் கிடைத்தால் அங்கேயே உட்காருங்கள். பார்க்க வேண்டிய வேலை அது. எண்ணெய் கலந்த தண்ணீரில் கையை நனைத்து, ஒரு பிடி மாவை உருட்டி, கட்டைவிரலால் குழி பறிப்பார்கள். பூரணத்தை வைத்து மூடி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே திருப்பித் திருப்பித் தட்டுவார்கள். நாலைந்து சுற்றில் வட்டம் வந்துவிடும். கொமால் என்கிற தட்டைக் கல்லில் போட்டதும் எங்கேயாவது ஒரு விரிசல் வழியாகச் சீஸ் கசிந்து, கல்லில் பட்டுப் பொரிந்து, பழுப்பு நிற வலையாக ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். புதிதாகப் பார்ப்பவருக்கு அது குறையாகத் தோன்றும். என்னைக் கேட்டால், தட்டில் முதலில் பிய்த்துத் தின்ன வேண்டியது அதைத்தான்.

பூரணத்தில் எதைக் கேட்பது? முதல்முறை என்றால் 'ரெவுவெல்தா'. பன்றி இறைச்சி, பீன்ஸ், சீஸ் மூன்றும் கலந்தது. அந்த இறைச்சிக்குச் 'சிச்சர்ரோன்' என்று பெயர்; இங்கே அது மற்ற நாடுகளில் உள்ளதுபோல மொறுமொறுப்பான தோல் அல்ல. வெந்த இறைச்சியை விழுதாக அரைத்தது. அசைவம் வேண்டாதவர்கள் சீஸும் லொரோகோவும் கேட்கலாம். லொரோகோ என்பது ஒரு கொடியின் விரியாத பூமொட்டு. பச்சை இலை வாசமும் லேசான கொட்டைச் சுவையுமாக இருக்கும். வெளிநாட்டுக் கடைகளில் பெரும்பாலும் உறைந்ததோ, உப்புநீரில் ஊறியதோதான் கிடைக்கும். ஊறியதில் புளிப்பு தூக்கலாகி மணம் அடங்கிவிடுகிறது. எதைப் போடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சோள மாவா, அரிசி மாவா என்றும் சில இடங்களில் கேட்பார்கள். தலைநகர் சான் சால்வடோருக்குத் தெற்கே ஒலோகுயில்தா என்ற ஊர் அரிசி மாவுப் புபுசாவுக்குப் பெயர்போனது. வெளியே மொறுமொறு, உள்ளே மெத்து. ஆனாலும் என் ஓட்டு சோளத்துக்குத்தான். சுண்ணாம்பு நீரில் வேகவைத்துத் தோல் நீக்கி அரைத்த சோளத்துக்கு ஒரு மண் வாசம் உண்டு. பாக்கெட் மாவில் அது பாதிதான் வரும்.

மேஜையில் ஒரு ஜாடி இருக்கும். குர்த்தீதோ என்று பெயர். முட்டைக்கோஸ், கேரட், வெங்காயம், ஒரிகானோ எல்லாம் வினிகரில் ஊறியது. தொட்டுக்கொள்ள ஓரமாக வைக்காதீர்கள்; புபுசாவின் தலையிலேயே அள்ளிப் போடுங்கள். கொழுப்பை வெட்டுவது அந்தப் புளிப்புதான். கூடவே தண்ணீராக ஒரு தக்காளி சாஸ் வரும். அதில் காரம் தேடி ஏமாற வேண்டாம். இந்தச் சமையலில் மிளகாய்க்கு அவ்வளவு மரியாதை இல்லை.

2005இல் எல் சால்வடோர் சட்டமன்றம் புபுசாவைத் தேசிய உணவாக்கி, நவம்பர் இரண்டாம் ஞாயிறை அதன் நாளாகவும் அறிவித்தது. ஆகவே முதலில் புபுசாதான்; மெனுவில் உள்ள மற்றதையெல்லாம் அடுத்தடுத்த வருகைக்கு வையுங்கள். பொரித்த மரவள்ளிக் கிழங்கை மட்டும் விடாதீர்கள். சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்த அந்நாட்டு ஹோயா தே செரென் கிராமத்தைத் தோண்டியபோது சோளக் கொல்லையோடு மரவள்ளித் தோட்டமும் கிடைத்தது. அவ்வளவு பழைய பந்தம்.

குடிக்க ஒர்ச்சாத்தா. மெக்சிகோவில் அரிசியில் செய்வார்கள். இங்கே மோர்ரோ என்கிற காயின் விதையை வறுத்து, பட்டை சேர்த்து அரைக்கிறார்கள். நிறம் காவி. அடியில் பொடி தங்கும், கலக்கிக் குடிக்க வேண்டும்.

இப்போதெல்லாம் நான் இரண்டே சொல்கிறேன். இரண்டாவதில் பாதி முடிந்ததும் கல்லடியில் நிற்பவரைப் பார்த்து ஒரு விரலைக் காட்டுவேன். அவர் தலையாட்டிவிட்டுக் கையை நனைத்துக்கொள்வார். பட், பட் என்று மறுபடி ஆரம்பிக்கும்.