ஸ்ட்ரட் பார்: விக்கிறவங்க சொல்றதும் கணக்கு சொல்றதும்

பானெட்டைத் திறந்து பாருங்கள். என்ஜினுக்கு இரண்டு பக்கமும் முன் சஸ்பென்ஷனின் தலை வந்து உட்காரும் மேடு தெரியும். அந்த இரண்டு மேட்டையும் குறுக்கே இணைக்கிற கம்பிதான் ஸ்ட்ரட் பார். போலோ, ஸ்விஃப்ட் என்று நம்மூரில் வேகத்துக்காக வாங்கப்படும் வண்டிகளுக்கெல்லாம் கிடைக்கிறது. மாட்டினால் பாடி முறுக்காது, வளைவில் வண்டி அசையாது என்று சொல்லி விற்கிறார்கள்.

என் நண்பன் தன் போலோவுக்கு ஒன்றை மாட்டிக்கொண்டு சிறுமலை போய்வந்தான். திண்டுக்கல் தாண்டி மேலே ஏற 18 கொண்டை ஊசி வளைவு. வந்ததும் போன்: "மாப்ள, இது வேற வண்டிடா!"

பில்லைக் காட்டச் சொன்னேன். அதே நாளில் வீல் அலைன்மென்ட் செய்திருக்கிறான். டயரில் காற்றும் சரிபார்த்திருக்கிறார்கள், அதற்கு முன் எப்போது பார்த்தான் என்று அவனுக்கே ஞாபகம் இல்லை. ஆக ஒரே நாளில் மூன்று மாற்றம், பாராட்டு மட்டும் கம்பிக்கு. நான் படித்த "மாட்டியதும் உணர்ந்தேன்" வகை அனுபவக் குறிப்புகளில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். எது எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்கவே வழியில்லாத சாட்சியம்.

சரி, சாட்சியத்தை விடுவோம், கணக்கைப் பார்ப்போம். இந்த வண்டிகளில் முன்னால் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். சக்கரத்தைக் கீழே லோயர் ஆர்ம் பிடிக்கிறது, மேலே அந்த மேடு பிடிக்கிறது. 1,100 கிலோ வண்டி மலைப்பாதை வளைவில் கொஞ்சம் வேகமாகவே, 0.6 ஜி-யில், திரும்புகிறது என்று வையுங்கள். பக்கவாட்டு விசை மொத்தம் சுமார் 660 கிலோ. முன் சக்கரங்களின் பங்கு 400 என்று கொள்வோம். வெளிச் சக்கரத்துக்கு 280, உள்சக்கரத்துக்கு 120. லோயர் ஆர்ம் மூட்டு தரையிலிருந்து 20 செ.மீ., மேடு 80 செ.மீ. உயரம் என்றால், நெம்புகோல் கணக்குப்படி மேட்டுக்கு வருவது இதில் மூன்றில் ஒரு பங்கு. வெளிப்பக்கம் 93 கிலோ, உள்பக்கம் 40. (ஸ்பிரிங் சாய்வு, வண்டியின் எடை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பக்கவாட்டு விசையை மட்டும் எடுத்த தோராயக் கணக்கு இது.)

இப்போது முக்கியமான சங்கதி. இந்த இரண்டு விசையும் ஒரே திசையில் தள்ளுகின்றன. வண்டி இடது பக்கம் திரும்பினால் இரண்டு மேடும் வலது பக்கம்தான் தள்ளப்படும். கூட்டத்தில் பின்னாலிருந்து தள்ளும்போது இரண்டு பேர் கைகோத்துக்கொண்டால் மட்டும் நின்றுவிட முடியுமா? சேர்ந்து விழுவார்கள், அவ்வளவுதான். கம்பியால் முடிந்தது, அதிகம் தள்ளப்படும் பக்கத்தின் சுமையில் கொஞ்சத்தை மற்ற பக்கத்துக்கு மாற்றுவது. மேலே சொன்ன எண்களில் அது 27 கிலோ. ஒரு அரிசி மூட்டை.

கம்பியே இல்லாமல் மேடு ஒரு மில்லிமீட்டர் அசைந்துவிட்டது என்றே வைப்போம். மூட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே 600 மி.மீ. இருக்கிறது, ஆகவே சக்கரத்தின் சாய்வு 0.1 டிகிரி மாறும். அதே வளைவில் வண்டி முழுசாக இரண்டு மூன்று டிகிரி சாய்ந்திருக்கும். லோயர் ஆர்ம் புஷ்ஷின் ரப்பரும் தன் பங்குக்கு அமுங்கியிருக்கும். ஓட்டைப் பானையின் மூடியை மெருகேற்றுகிற வேலை இது.

அப்போ என் நண்பன் உணர்ந்தது பொய்யா? முழுக்க இல்லை. ஸ்ட்ரட் இரண்டும் மேலே உள்பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. ஸ்பீடு பிரேக்கரில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும்போது மேடுகள் ஒன்றை நோக்கி ஒன்று தள்ளப்படும். அங்கே கம்பி நடுவில் நின்று நிஜமாகவே தாங்குகிறது. முன்பக்கம் இறுக்கமாகத் தெரியும், அதிர்வு ஸ்டீயரிங்குக்கு வேறு மாதிரி வரும். வளைவுக்காக வாங்கிய சாமான் ஸ்பீடு பிரேக்கரில் வேலை செய்கிறது! நம் ஊர் சாலைகளுக்கு அதுவும் தேவைதான் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

பாடியை விறைப்பாக்குவதே வீண் என்று நான் சொல்லவில்லை. கூரையில்லாத மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற வண்டியில் பாடி முறுக்குவது கண்கூடு, அங்கே அடியில் போடும் பிரேஸ்களுக்கு அர்த்தம் உண்டு. டொயோட்டா 86-ல் கம்பெனியே இரண்டு மேட்டிலிருந்தும் பின்னால் ஃபயர்வாலுக்கு சாய்வாகக் கம்பி கொடுத்திருக்கிறது. அது முக்கோணம், ஒரே பக்கம் தள்ளினாலும் பிடித்து நிற்க ஒரு இடம் இருக்கிறது. நம் கடைகளில் அதிகம் தொங்குவது நேர்க்கம்பி.

கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் டாடாவுடன் சேர்ந்து 2018-ல் டியாகோ ஜேடிபி கொண்டுவந்தது ஞாபகம் இருக்கலாம். ரேஸ் அனுபவம் உள்ளவர்கள். 114 பிஎஸ் டர்போ என்ஜின் வைத்த கையோடு அவர்கள் தொட்டது எதை? ஸ்பிரிங், டேம்பர், அகல டயர். வண்டியை இறக்கியது வெறும் 4 மி.மீ. பிடிப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவர்களின் வரிசை அது.

எனக்கு எரிச்சல் கம்பி மேல் இல்லை, அதை நம்பி வளைவில் கூடும் வேகத்தின் மேல்தான். நண்பனின் டயர் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும், குனிந்து பார்த்தேன். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். டயருக்கு ஏழு வயது. மதுரை வெயிலில் ஏழு வருடம் காய்ந்த ரப்பர். பட்டன் இன்னும் இருக்கிறது, ஆனால் நகத்தால் அழுத்தினால் உள்ளே போவதில்லை. அந்த டயரோடு, மழை பெய்த சிறுமலையில், "இப்போ வண்டி நிக்கும்" என்ற தைரியத்தில் ஒருவன் பத்து கி.மீ. வேகம் கூட்டினால்? நத்தம் ரோடு மேம்பாலத்தில் நேராகப் போகிறவரை எதுவும் தெரியாது. ஈரமான பன்னிரண்டாவது வளைவில்தான் தெரியும்.

சொன்னேன். ரெண்டு நாள் பேசவில்லை. அப்புறம் நாலு டயரும் மாற்றினான், லோயர் ஆர்ம் புஷ்ஷையும் சேர்த்து.

"பாரைக் கழட்டிரவா?" என்று கேட்டான். இருக்கட்டும் என்றேன். ஒன்று மட்டும்: நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வகைக் கம்பி அது, மாட்டும்போது ஸ்பேனர் போட்டு இறுக்கி மேடுகளை வெளிப்பக்கம் தள்ளி வைத்திருந்தார்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, அதைத் தளர்த்தி, கையால் சுற்றித் தொட்டு நிற்கும் அளவில் விட்டோம். மேல் நட்டுகளை சர்வீஸ் மேனுவலில் உள்ள டார்க் அளவுக்கு முடுக்கினோம். ஐநூறு கி.மீ. ஓடியபின் இன்னொரு தடவை பார்க்க வேண்டும், இன்னும் கொண்டுவரவில்லை.