எலும்பு ஸ்கேன்: குறைக்க வேண்டியது நிமிடமா, மருந்தா?

புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேனில் நேரம் இரண்டு இடங்களில் செலவாகிறது. டெக்னீசியம்-99எம் சேர்த்த எம்டிபி மருந்தை ஊசியில் ஏற்றியபின், அது எலும்பில் படிய 2 முதல் 4 மணி நேரம் பிடிக்கும். அதில் கை வைக்க முடியாது. குறைக்க முடிவது காமா கேமராவின் கீழ்ப் படுத்திருக்கும் நேரத்தைத்தான். மேசை நிமிடத்துக்கு 10 சென்டிமீட்டர் நகர்ந்தால், தலையிலிருந்து பாதம் வரை எடுக்க ஏறத்தாழ 20 நிமிடம். சந்தேகமான இடத்தை முப்பரிமாணத்தில் காட்டும் ஸ்பெக்ட் படத்துக்கு இன்னொரு 20 நிமிடம். முதுகெலும்பில் நோய் பரவியவர் அவ்வளவு நேரம் மல்லாந்து கிடப்பது லேசுப்பட்ட காரியமல்ல; வலி தாங்காமல் அசைந்தால் படம் கெடும்.

நேரத்தைப் பாதியாக்கினால் கேமராவில் விழும் கதிர்களும் பாதியாகும். படத்தில் புள்ளி இரைச்சல் சுமார் 40 சதவீதம் கூடும். அதை அடக்க இன்று மென்பொருள்கள் வந்துவிட்டன. கேமராவால் ஏற்படும் மங்கலைக் கணக்கிட்டுத் திருத்துபவை ஒரு வகை. முழு நேரப் படங்களைக் கொண்டு பயிற்றுவித்த செயற்கை நுண்ணறிவு இன்னொரு வகை. இவற்றைக் கொண்டு, நேரத்தைத் தொடாமல் மருந்தின் அளவைக் குறைக்கவும் செய்யலாம்.

இந்தியாவும் இலங்கையும் வேறுபடுவது இங்கேதான்.

இந்தியாவில் அணு மருத்துவத் துறை பழையது. மும்பையின் கதிரியக்க மருத்துவ மையம் 1963இல் தொடங்கியது. டிராம்பேயில் 1985 முதல் இயங்கும் துருவா அணு உலை மருத்துவ ஐசோடோப்புகளையும் தருகிறது. கூட்டம் மிகுந்த பெரிய புற்றுநோய் மருத்துவமனையில் கேமரா நேரத்துக்குத்தான் கிராக்கி. ஆளுக்குப் பத்து நிமிடம் மிச்சமானாலும் மாலைக்குள் இன்னும் சிலரைப் பார்த்துவிடலாம். வேறு வழியும் உண்டு: 2002இல் மும்பையில் மருத்துவ சைக்ளோட்ரான் வந்தபின் ஃப்ளோரின்-18 நாட்டுக்குள்ளேயே கிடைக்கத் தொடங்கியது. அதைக் கொண்டு எடுக்கும் சோடியம் ஃப்ளோரைடு பெட் ஸ்கேனில் ஊசிக்குப் பிந்தைய காத்திருப்பே ஒரு மணி நேர அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

இலங்கையில் அணு உலை கிடையாது. பேராதனை, காலி கராப்பிட்டிய, மகரகம போன்ற இடங்களில் எலும்பு ஸ்கேனுக்கு வேண்டிய டெக்னீசியத்தின் மூலம், வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வரும் ஜெனரேட்டர். ஈய உறைக்குள், சிதைந்து டெக்னீசியமாக மாறும் மாலிப்டினம்-99 இருக்கும். ஒரு பக்கம் உப்புநீர்க் குப்பியையும் மறுபக்கம் காற்று நீக்கிய குப்பியையும் குத்தினால், சில நிமிடங்களில் டெக்னீசியம் கரைந்து இறங்கும். மாலிப்டினத்தின் அரை ஆயுள் 66 மணி நேரம். ஒரு வாரத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும். விமானம் தாமதித்தால் அது வழியிலேயே சிதைந்துகொண்டிருக்கும். கனடாவின் சாக் ரிவர் உலை 2009இல் நின்றபோது உலகெங்கும் தட்டுப்பாடு வந்தது. 2020இல் கொரோனாவால் விமானங்கள் நின்றன. இறக்குமதியை நம்பியிருக்கும் நாட்டுக்கு இவை சின்ன அடிகள் அல்ல.

ஆகவே இலங்கைக்கு அதே மென்பொருளை மருந்துப் பக்கம் திருப்புவதே லாபம். வழக்கமான 20 மில்லிகியூரி மருந்தை 10 ஆக்கி, பழைய 20 நிமிடத்தை அப்படியே விட்டால், வாரக் கடைசியில் வலுவிழந்த ஜெனரேட்டரும் கூடுதல் பேருக்குப் போதும். நோயாளிக்கும் ஊழியருக்கும் கதிர்வீச்சும் குறையும்.

இரண்டு இடத்திலும் ஆபத்து ஒன்றே. இரைச்சலைத் துடைக்கும்போது, விலா எலும்பில் இருக்கும் சின்னப் புள்ளியும் துடைபட்டுப் போகலாம். இதைச் சோதிக்க யாருக்கும் மறு ஊசி தேவையில்லை. ஒவ்வொரு கதிரும் விழுந்த நேரத்தோடு பதிவாகும் கேமராவில், முழு நேரப் பதிவிலிருந்தே பாதியை மட்டும் எடுத்துப் படமாக்கி, இரண்டையும் மருத்துவரிடம் தனித்தனியே காட்டி ஒப்பிடலாம்.