ஜீவாவும் ஜீனோவும்: ‘என் இனிய இயந்திரா’ – ஒரு மறுமதிப்பீடு

தமிழில் விஞ்ஞானப் புனைகதை என்றதும் வாசகர் மனத்தில் முதலில் எழும் பெயர் சுஜாதா (எஸ். ரங்கராஜன், 1935–2008). அவருடைய ‘என் இனிய இயந்திரா’ 1980களில் ஆனந்த விகடனில் தொடர்கதையாக வெளிவந்தது. பின்னர் இந்திய அரசின் தொலைக்காட்சியான தூர்தர்ஷனில் நாடகத் தொடராகவும் ஒளிபரப்பாயிற்று. இப்படைப்பைக் குறித்து இரு வேறு அபிப்பிராயங்கள் நிலவி வந்துள்ளன. இரசிகர்களுக்கு அது தீர்க்கதரிசனம். முற்போக்கு வட்டாரத்தினர் பலருக்கோ அது வணிகச் சஞ்சிகையின் பொழுதுபோக்குச் சரக்கு. இவ்விரு சாராரும் படைப்பின் மையத்தை எதிர்கொள்ளாமலே தத்தம் முடிவுக்கு வந்தனர் என்பதே இக்கட்டுரையின் வாதமாகும்.

கதை நமது நூற்றாண்டின் இருபதுகளின் தொடக்கத்தில் நிகழ்வதாக அமைந்துள்ளது. இந்தியா ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சியில் இருக்கிறது. குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். மனிதரின் பெயர்கள் இரண்டெழுத்துகளாகக் குறுகிவிட்டன. அனுமதி கிடைத்த வேளையில் நிலாவின் கணவன் சிபி காணாமற் போகிறான். ரவி, மனோ என்னும் இருவரும், ஜீனோ என்னும் இயந்திர நாயும் அவள் வாழ்வில் நுழைகின்றனர். இறுதியில் ஜீவா என ஒருவன் இல்லை, அவன் ஒளியால் உருவாக்கப்பட்ட பிம்பம் மாத்திரமே என்பது வெளிப்படுகிறது. பிம்பத்தை இயக்கியவர்கள் நிலாவை அரசியாக்குகின்றனர். அதன் தொடர்ச்சியே ‘மீண்டும் ஜீனோ’.

இரசிகர் மரபை முதலில் நோக்குவோம். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திற் பொறியியலாளராகப் பணியாற்றி, இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்திற் பங்கு கொண்டவர் சுஜாதா. ஆகவே அவர் எழுதியவற்றுள் எவையெவை பலித்தன என்று கணக்கெடுப்பது இரசிகர்களின் நீண்டகால வழக்கமாயிற்று. 2010 இல் ‘எந்திரன்’ திரைப்படம் வெளிவந்தபோது இவ்வழக்கம் மேலும் வலுப்பெற்றது. ஆனால் விஞ்ஞானப் புனைகதை சோதிட நூலன்று. எதிர்காலம் எனும் திரையில் அது வரைவது, தான் தோன்றிய காலத்தின் சமூக உறவுகளையே. கருவிகளின் பட்டியலில் மூழ்கிய இரசிகன், அக்கருவிகள் யாருடைய கையில் இருந்தன என்ற வினாவைத் தவறவிட்டான்.

மறுபுறம், நம்மவரின் தவறும் சிறிதன்று. நாவலைச் சமூக வரலாற்றோடு பொருத்தி ஆராயும் நெறியைக் கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968) நமக்கு வகுத்துத் தந்தது. அந்நெறியைப் பிரயோகிக்க வேண்டிய இடத்தில் நாம் ‘வணிக எழுத்து’ என்ற முத்திரையைக் குத்தி ஒதுங்கிக்கொண்டோம். ஒரு படைப்புச் சந்தைக்காக உற்பத்தியானது என்பது ஆய்வின் தொடக்கமேயன்றி முடிவாகாது. இலட்சக்கணக்கானோர் ஒன்றை விரும்பிப் படிக்கின்றனர் எனில், அவ்விருப்பத்தின் சமூக அடிப்படை யாது என வினவுதல் மார்க்சிய விமர்சகனின் கடமையாகும்.

இக்கட்டுரையாளன் இந்நாவலை முதலில் வாசித்தது வட்டகொடையில், அட்டை கிழிந்த ஒரு பிரதியில். அங்கிருந்து நோக்குமிடத்து, கதையின் கற்பனைகள் பல கற்பனைகளாகவே தோன்றவில்லை. ஒரு மனிதனின் இருப்பை அரசின் பதிவேடு தீர்மானிக்கும் உலகை மலையகம் நன்கறியும். 1921 இல் ஒழிக்கப்படும்வரை, கடன் தீர்ந்ததற்கான ‘துண்டு’ இன்றித் தொழிலாளி வேறொரு தோட்டத்திற் பதிய முடியாதிருந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இந்த மண்ணிற் பிறந்தோரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிற் கொண்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்தது. எஞ்சிய 150,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவதற்கென ஒதுக்கி வைக்கப்பட்டனர். நாடற்ற நிலையை முடிவுக்குக் கொணரும் சட்டம் 2003 இலேயே வந்தது. தோட்டத்தில் ஒரு நாட்கூலியையே ‘பேர்’ என்பார்கள். கொழுந்தின் நிறை போதாவிடின் அன்று ‘அரைப்பேர்’. நாவலில் பெயர் இரண்டெழுத்தாகச் சுருங்கியதை வாசிக்கையில், செக்ரோலில் பாதியாய்ப் போன பேர் நினைவுக்கு வருவது இயல்பே.

ஜீவா பிம்பம் என்ற வெளிப்பாடு நாவலின் அரசியற் சிகரம் எனலாம். அதிகாரம் ஒரு முகத்தைக் காட்டுகிறது. மக்கள் அம்முகத்தை வணங்குகின்றனர் அல்லது வெறுக்கின்றனர். இயக்குவோர் மறைவில் இருக்கின்றனர். தோட்டத்திலும் பெரியதுரையின் முகம் தெரிந்தது; இலண்டனிலிருந்த கம்பனியின் முகம் தெரியவில்லை. 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. பிம்பங்கள் மாறின, லயன்கள் பெரும்பாலும் மாறவில்லை. ஆள்பவன் வெறும் படம் என்று சொல்லும் இக்கதையை அரச தொலைக்காட்சியே வீடுகளுக்கு எடுத்துச் சென்றது என்பதிலுள்ள முரணும் சிந்தனைக்குரியது.

எனினும் இப்படைப்பின் எல்லைகளை மறைத்தல் ஆகாது. அதன் எதிர்காலத்தில் உழைப்பு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. சோறும் வீடும் யாரால் உற்பத்தியாகின்றன என்பதற்கு விடையில்லை. ‘ரோபோ’ என்ற சொல்லே, காரெல் சாப்பெக்கின் ‘ஆர்.யூ.ஆர்.’ நாடகத்தின் (1920) வழியாக, கட்டாய ஊழியத்தைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லிலிருந்து பிறந்தது. அவ்வேரினைச் சுஜாதா தேடவில்லை. தீர்வும் தனிமனிதத் தீர்வே: தீய அரசனின் இடத்தில் நல்ல அரசி. மக்கள் கூட்டமாக வருகின்றனர், ஸ்தாபனமாகத் திரள்வதில்லை.

இக்குறை தமிழுக்கு மாத்திரம் உரியதன்று. பி.பி.சி.யின் ‘டாக்டர் ஹூ’ தொடரில் 2018 இல் ஒளிபரப்பான ‘கெர்பிளாம்!’ என்னும் அங்கம், பார்வையாளரைக் கடுமையாகப் பிளவுபடுத்தியது. பிரமாண்டமான பொதிக் கிடங்கொன்றில் ஊழியரிற் பத்திலொரு பங்கினரே மனிதர். வேலையிழப்பை எதிர்க்கும் இளைஞனே கொலைகாரனாகிறான். கம்பனியின் இயந்திர அமைப்போ நிரபராதியாகிறது. இதனுடன் ஒப்பிடும்போது சுஜாதா ஒருபடி முன்னே நிற்கிறார். இயந்திரப் பிம்பத்தின் பின்னால் நலன்களுடைய மனிதர் இருப்பதை அவர் மறைக்கவில்லை.

இவ்விடத்தில் ஜீனோவுக்கு வருவோம். வாசகர் நினைவில் நிலைத்தது நிலாவுமல்ல, ஜீவாவுமல்ல. புத்தகம் படிக்கும் இந்த இயந்திர நாயே. விமர்சகர் இதனைச் சிறுபிள்ளைத்தனமான ஈடுபாடு என்று கருதக்கூடும். உண்மையில் ஜீனோ ஒரு வேலையாள். ஏவல் செய்வதற்கென உருவாக்கப்பட்டது. உடைமையாகக் கைமாறக் கூடியது. கழற்றி வீசப்படக் கூடியது. அந்த ஏவலாள் தானாகவே கற்று, எஜமானரை விடத் தெளிவாகச் சிந்தித்து, ஏவப்படாத பக்கத்திற்கு மாறுகிறது. எதிர்கால ஆரூடத்தைப் பற்றிய இரசிகரின் பெருமிதம் தவறாயிருக்கலாம். அரசியை விட்டு ஏவலாளையே தம் நாயகனாக வரித்துக்கொண்ட அவர்தம் உள்ளுணர்வு தவறானதன்று. கதாசிரியரின் முடிவை விட வாசகரின் தேர்வு முற்போக்கானது என்றே கூறத் தோன்றுகிறது.

அத்தேர்வை வியாக்கியானம் செய்வதே நாம் செய்யத் தவறிய பணி. கொழுந்து நிறுக்கும் தராசு சில தோட்டங்களில் மின்னணுத் தராசாகிவிட்டது. தராசு பொய் சொல்லாது என்று சொல்லப்படுகிறது. ஆயினும் எத்தனை கிலோ பறித்தால் ஒரு பேர் என்பதைத் தராசு தீர்மானிப்பதில்லை. அதனைத் தீர்மானிப்போர் யார் என்று கேட்கும் விஞ்ஞானப் புனைகதை மலையகத்திலிருந்து எழுதப்படவேண்டும். அதை எழுத முற்படுவோர் ‘என் இனிய இயந்திரா’வை ஒதுக்கி வைத்துவிட்டுத் தொடங்க முடியாது.